வானவில் கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டைச் சட்டத்தில் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒட்டப்பட்ட ஒரு மலிவான கண்ணாடி, இசை நிகழ்ச்சிகளிலும் வாணவேடிக்கைகளிலும் கைக்குக் கை மாறுகிறது. அதை அணிந்துகொண்டு ஒரு விளக்கைப் பார்த்தால், விளக்கைச் சுற்றிலும் வானவில் துண்டுகள் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றும். விளையாட்டுப் பொருள் என்ற பெயரில் விற்கப்பட்டாலும், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஆய்வுக்கூட நிறமாலைமானியின் உயிர்நிலையான உறுப்பு அப்படியே இதற்குள் இருக்கிறது. இதைக் குறித்துப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளைக் கீழே காணலாம்.

இந்தப் படலத்துக்கு நிறமே இல்லையே, நிறங்கள் எங்கிருந்து வருகின்றன?

படலத்தைக் கழற்றி வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால், அதில் சாயம் எதுவும் பூசப்படவில்லை என்பது தெரிந்துவிடும். நிறங்கள் யாவும் விளக்கின் ஒளியில் முன்பே இருந்தவை. வெள்ளையாகத் தெரியும் ஒளியில், ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா முதல் 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு வரை பல நிறங்கள் கலந்திருக்கின்றன. கண்ணாடி அவற்றைப் பிரித்து வெவ்வேறு திசைகளில் அனுப்புகிறதே தவிர, புதிதாக எந்த நிறத்தையும் சேர்ப்பதில்லை. எனவே எந்த விளக்கில் எந்த நிறம் இல்லையோ, அந்த விளக்கின் வானவில்லில் அந்த இடம் இருட்டாகவே இருக்கும். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டால், கண்ணாடி வழியே தெரியும் காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாமே காரணம் சொல்லிவிடலாம்.

பிரிக்கும் வேலையைச் செய்வது எது?

படலத்தின் ஒரு பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையான பள்ளங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கு 500 கோடுகள் என்பது பரவலாகப் புழங்கும் அளவு. 1,000 கோடுகள் கொண்ட படலங்களும் உண்டு. 500 கோடுகள் என்றால், அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே 2 மைக்ரோமீட்டர் தூரம்தான் இருக்கும். இவ்வாறு சீராகக் கோடிடப்பட்ட பரப்பை இயற்பியல் பாடநூல்கள் விளிம்பு விளைவுக் கீற்றணி என்று அழைக்கின்றன.

ஒளி ஓர் அலை. அது நுண்ணிய பிளவு ஒன்றைக் கடக்கும்போது நேராக மட்டும் செல்லாமல் பக்கவாட்டிலும் விரிகிறது. இதுவே விளிம்பு விளைவு. கீற்றணியில் ஆயிரக்கணக்கான கோடுகள் இருப்பதால், ஒவ்வொன்றிலிருந்தும் விரியும் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. குறிப்பிட்ட ஒரு திசையில் அடுத்தடுத்த கோடுகளிலிருந்து வரும் அலைகளின் பாதை வேறுபாடு சரியாக ஓர் அலைநீளமாக இருந்தால், முகட்டோடு முகடும் அகட்டோடு அகடும் சேர்ந்து அந்தத் திசையில் ஒளி வலுப்பெறுகிறது. மற்ற திசைகளில் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அலைநீளம் மாறினால் இந்த வலுப்பெறும் திசையும் மாறும் என்பதால், ஒவ்வொரு நிறமும் தனக்கென்று ஒரு கோணத்தை எடுத்துக்கொள்கிறது. கோட்டு இடைவெளியைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் அலைநீளம் கிடைக்கும் என்பதே இதன் கணக்கு.

500 கோட்டுப் படலத்தில் ஊதா ஏறத்தாழ 11.5 பாகையிலும், பச்சை 16 பாகையிலும், அடர்சிவப்பு 20.5 பாகையிலும் தோன்றும். கோடுகளை இருமடங்கு நெருக்கினால் வானவில் விளக்கிலிருந்து இன்னும் தள்ளிப்போய், அகலமாகவும் விரியும்.

விளக்கு இல்லாத இடத்தில் வானவில் தெரிவது எப்படி?

விளக்கின் ஒளி படலம் முழுவதிலும் விழுகிறது. படலத்தில் வளைந்து நம் கண்மணிக்குள் நுழையும் கதிரைப் பொறுத்தவரை, அது வளைந்து வந்தது மூளைக்குத் தெரியாது. கண்ணுக்குள் நுழைந்த திசையிலேயே கதிரைப் பின்னோக்கி நீட்டி, அங்கே ஒரு பொருள் இருப்பதாக மூளை முடிவுகட்டுகிறது. அதனால்தான் சுவரிலோ திரையிலோ எதுவும் விழாமலேயே, வெற்றிடத்தில் வானவில் தொங்குவதுபோல் தெரிகிறது. தலையைத் திருப்பினால் விளக்கைவிட்டு அகலாமல் நிற்கும். தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் விளக்கைச் சுற்றிச் சுழலும். சுழல்வதற்குக் காரணம், கோடுகளும் தலையோடு சேர்ந்து சாய்வதே.

வானில் தோன்றும் வானவில்லும் முப்பட்டகமும் இதே முறையில்தான் இயங்குகின்றனவா?

இல்லை. அவை இரண்டும் ஒளிவிலகலால் நிகழ்பவை. மழைத்துளியோ முப்பட்டகமோ, ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளியின் வேகம் நிறத்துக்கு நிறம் சற்று மாறுபடுவதால் நிறங்களைப் பிரிக்கிறது. அங்கே அதிகமாக வளைவது ஊதா. கீற்றணியிலோ அதிகமாக வளைவது சிவப்பு. இதைச் சரிபார்ப்பது எளிது: கண்ணாடி வழியே விளக்கைப் பார்க்கும்போது, விளக்குக்கு அருகில் ஊதாவும் நீலமும், வெளிப்புறத்தில் சிவப்பும் இருக்கும். மேலும் முப்பட்டகம் சிவப்புப் பகுதியை நெருக்கி, ஊதாப் பகுதியை அகலமாக விரிக்கும். கீற்றணியில் அலைநீளமும் கோணமும் ஏறக்குறையச் சீராகவே கூடுகின்றன. அளவீட்டுக்குக் கீற்றணியை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

ஒரே விளக்குக்கு எட்டு வானவில்கள் தெரிவது ஏன்?

ஒரே திசையில் மட்டும் கோடிட்ட படலத்தில், நடுவே வெள்ளையாக விளக்கும் அதன் இருபுறமும் ஒவ்வொரு வானவில்லும் தெரியும். வளையாமல் நேராக வந்த ஒளிதான் நடுவில் இருப்பது. எல்லா நிறங்களுக்கும் அங்கே பாதை வேறுபாடு சுழி என்பதால் நிறம் பிரிவதில்லை. கேளிக்கைக்கான கண்ணாடிகளில் பெரும்பாலும் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இரு திசைகளில் கோடுகள் இருக்கும். அவற்றில் இடம், வலம், மேல், கீழ் ஆகிய நான்கு பக்கங்களிலும் நான்கு மூலைகளிலுமாக எட்டு வானவில்கள் விளக்கைச் சூழ்ந்து நிற்கும். பாதை வேறுபாடு இரண்டு அலைநீளமாக இருக்கும் திசையிலும் ஒளி வலுப்பெறும் என்பதால், சற்று உற்றுப் பார்த்தால் அவற்றுக்கு வெளியே மங்கலான, அகலமான இரண்டாம் வரிசை வானவில்களும் புலப்படும். உள்ளே வரும் ஒளியை இத்தனை பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால்தான், கண்ணாடி வழியே நடு விளக்கு சற்று மங்கித் தெரிகிறது.

பகலில் அணிந்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி பழுதானதா?

பழுதில்லை. வெளிச்சமான சுவரைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கென்று ஒரு வானவில்லை உண்டாக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு புள்ளியின் சிவப்பு விழும் இடத்தில் பக்கத்துப் புள்ளியின் பச்சையும், அதற்கடுத்த புள்ளியின் நீலமும் வந்து விழுகின்றன. மூன்றும் கலந்தால் மீண்டும் வெள்ளைதான். சுவர் முடியும் விளிம்பில் மட்டும் கலப்பதற்கு அடுத்த புள்ளி இல்லாததால், அங்கே நிறக்கரை தெரியும். சன்னல் சட்டத்தின் ஓரங்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

ஆகவே, இருட்டின் நடுவே தனித்து நிற்கும் சிறிய ஒளிப்புள்ளியே இந்தக் கண்ணாடிக்கு ஏற்ற காட்சி. தூரத்துத் தெருவிளக்கு, அலங்காரத் தொடர்விளக்கு, மேடை விளக்கு ஆகியவை அழகாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

எல்லா விளக்குகளும் ஒரே மாதிரி வானவில்லைத் தருமா?

தராது, இந்தக் கண்ணாடியின் உண்மையான சுவை இங்கேதான் இருக்கிறது. டங்ஸ்டன் இழை கொண்ட பழைய குண்டு பல்பு, ஊதா முதல் சிவப்பு வரை இடைவெளியே இல்லாத தொடர் நிறமாலையைத் தருகிறது. சூடான திடப்பொருள் எல்லா அலைநீளங்களிலும் ஒளிரும் என்பதால் அப்படி. மெழுகுவத்திச் சுடரும் அவ்வாறே. சுடருக்குள் மிதக்கும் நுண்ணிய கரித்துகள்கள்தாம் அங்கே சூடேறி ஒளிர்கின்றன.

சிஎஃப்எல் விளக்கைப் பார்த்தால் காட்சி அடியோடு மாறிவிடும். அங்கே வானவில் துண்டுதுண்டாக உடைந்து, விளக்குக் குழாயின் வளைவு நெளிவுகளோடு ஒரு நீல விளக்கு, ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு என்று தனித்தனிப் படங்களாக நிற்கும். அதிலுள்ள பாதரச ஆவி 436, 546 நானோமீட்டர் போன்ற குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டுமே ஒளி விடுவதும், குழாயின் உட்பூச்சில் உள்ள டெர்பியம், யூரோப்பியம் என்ற தனிமங்கள் பச்சையிலும் 611 நானோமீட்டர் சிவப்பிலும் குறுகிய பட்டைகளைச் சேர்ப்பதும் இதற்குக் காரணம். வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டர் அருகே பளிச்சென்ற ஒரு நீலப் பட்டையும், அதையடுத்துச் சற்று இருண்ட பள்ளமும், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை பரந்த ஒரு பட்டையும் தெரியும். நீல ஒளியுமிழும் சில்லின் மேல் மஞ்சள் நிற ஒளிர்பொருளைப் பூசித்தான் அந்த வெள்ளையை உண்டாக்குகிறார்கள் என்பது, விளக்கை உடைக்காமலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. நியான் விளம்பரக் குழாயோ சிவப்பிலும் ஆரஞ்சிலும் நெருக்கமான பல கோடுகளைக் காட்டும்.

வெறும் கண்ணுக்கு இவற்றில் மூன்றும் "வெள்ளை விளக்கு" என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன.

இரண்டு மஞ்சள் விளக்குகள் ஒரே நிறமாகத் தெரிந்தாலும் கண்ணாடி வேறுபடுத்திக் காட்டுமா?

காட்டும். கைப்பேசித் திரையைக் கறுப்பாக்கி, நடுவில் ஒரு சிறிய மஞ்சள் வட்டத்தை வரைந்துகொண்டு, இருட்டறையில் கண்ணாடி வழியே பாருங்கள். பக்கவாட்டுப் படங்களில் மஞ்சள் பெரும்பாலும் இராது. ஒரு பச்சைத் திட்டும் ஒரு சிவப்புத் திட்டும் விலகி நிற்கும். திரை நமக்கு மஞ்சளைத் தருவதில்லை; பச்சையையும் சிவப்பையும் அருகருகே எரியவிட்டு, மஞ்சளைப் பார்ப்பதாகக் கண்ணை நம்பவைக்கிறது. சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் அப்படியன்று. அழுத்தம் குறைந்த சோடியம் விளக்கைப் பார்த்தால், பக்கத்துப் படமும் எந்த நிறமாகவும் பிரியாமல், மஞ்சளாகவே, விளக்கின் வடிவம் சிறிதும் குலையாமல் நிற்கும். ஏனெனில் அதன் ஒளி ஏறத்தாழ முழுவதும் 589 நானோமீட்டரில் மட்டுமே இருக்கிறது.

சோடியம் விளக்கு கிடைக்காவிட்டால், ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் எரிவாயு அடுப்பின் நீலச் சுடரில் ஒரு துளி உப்பைத் தூவிப் பார்க்கலாம். அந்தக் கணத்தில், சுடரின் முழு உருவமும் நாக்கு நாக்காக, கூர்மையான மஞ்சள் படமாகப் பக்கத்தில் பாய்ந்தெழும். அருகில் மெழுகுவத்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தால் ஒப்பீடு இன்னும் தெளிவாகும்: மெழுகுவத்தியின் பக்கப்படம் உருவம் கலைந்து நிறக்கறையாக இழுபட, உப்பிட்ட சுடரின் படம் மட்டும் அச்சில் வார்த்ததுபோல் நிற்கும். பாடநூலில் வரி நிறமாலை, தொடர் நிறமாலை என்று இரண்டு படங்களை அச்சிட்டு விளக்குவதைவிட இந்த ஒரு காட்சி மேலானது என்பது என் கருத்து.

இந்தக் கண்ணாடியைக் கொண்டு அலைநீளத்தை அளக்க முடியுமா?

முடியும். தேவைப்படுபவை ஓர் அளவுகோல், ஒரு துணையாள், கொஞ்சம் பொறுமை ஆகியவையே. விளக்கைச் சுவரை ஒட்டி வைத்து, சரியாக 2 மீட்டர் தள்ளி, கோடுகள் செங்குத்தாக இருக்கும்படி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாருங்கள். துணையாள் சுவரை ஒட்டி ஒரு குச்சியை மெல்ல நகர்த்தட்டும். குச்சியும் நீங்கள் பார்க்கும் நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து விளக்குவரை அளந்தால் கோணம் கிடைத்துவிடும். கோணத்திலிருந்து அலைநீளம் கிடைக்கும்.

500 கோட்டுப் படலத்தில், சோடியத்தின் மஞ்சள் விளக்கிலிருந்து ஏறத்தாழ 61.6 சென்டிமீட்டர் தள்ளித் தோன்ற வேண்டும். 400 நானோமீட்டர் ஊதா 41 சென்டிமீட்டர் அருகிலும், 700 நானோமீட்டர் சிவப்பு 75 சென்டிமீட்டர் அருகிலும் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் பிழை ஏற்பட்டாலும், விடை பத்து நானோமீட்டர் அளவுக்குத்தான் பிசகும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழை அது. இதை ஓர் அட்டைக் கண்ணாடியும் ஒரு குச்சியும் சாதிக்கின்றன. படலத்தின் கோட்டு எண்ணிக்கை தெரியாதவர்கள் இதையே தலைகீழாகச் செய்து, அலைநீளம் தெரிந்த விளக்கைக் கொண்டு கோட்டு இடைவெளியைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஆய்வுக்கூடக் கருவிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

முதன்மையான வேறுபாடு பிளவுதான். நிறமாலைமானியில் ஒளி முதலில் மிகக் குறுகிய பிளவு வழியே நுழைகிறது. ஆகையால் ஒவ்வொரு நிறமும் மெல்லிய கோடாக விழுகிறது. நம் கண்ணாடியில் பிளவு இல்லை. விளக்கின் உருவமே பிளவின் வேலையைச் செய்கிறது. 6 சென்டிமீட்டர் அகலமுள்ள பல்பு 2 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1.7 பாகை அகலமாகத் தெரிகிறது. அந்த அகலத்துக்குள் அறுபது நானோமீட்டருக்குச் சற்றே குறைவான நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதே பல்பை 20 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் குழப்பம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே பெரிய விளக்கானால் தள்ளி நின்று பாருங்கள். தள்ளிப்போக இடமில்லாவிட்டால், கறுப்பு அட்டையில் மெல்லிய கீறல் ஒன்றிட்டு விளக்கின் முன் வையுங்கள். எப்படிப் பார்த்தாலும், சோடியத்தின் மஞ்சள் உண்மையில் 589.0, 589.6 நானோமீட்டர்களில் உள்ள இரட்டைக் கோடு என்பதை மட்டும் இது பிரித்துக் காட்டாது.

வாணவேடிக்கையின்போது எல்லா வெடிகளும் வானவில்லாக விரியாதது ஏன்?

வாணத்தின் நிறத்தை முடிவு செய்வது அதிலுள்ள உலோக உப்பு. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்கு செம்பு, மஞ்சளுக்கு சோடியம் என்பது பொது வழக்கு. நிறம் தூய்மையாக இருக்கும் அளவுக்கு அதிலுள்ள அலைநீளங்கள் குறைவு. ஆகையால் நல்ல சிவப்பு வெடி, கண்ணாடி வழியே பெரும்பாலும் பல சிவப்பு வெடிகளாகவே பெருகும். மக்னீசியமோ அலுமினியமோ எரியும் வெள்ளை வெடியும், சூடான துகள்களாக வழிந்திறங்கும் பொன்னிற வெடியும்தாம் முழு வானவில்லைத் தரும். வேடிக்கை பார்ப்பவர்கள் பொன்னிற வெடிக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

விளக்கைச் சுற்றி இதயமோ நட்சத்திரமோ தெரியும் கண்ணாடிகள் எப்படி வேலை செய்கின்றன?

அவற்றில் நேர்கோடுகளுக்குப் பதிலாக, கணினியால் கணக்கிடப்பட்ட நுண்ணிய பள்ளங்களின் கோலம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். எந்தெந்தத் திசைகளில் ஒளி சென்றால் இதய வடிவம் உருவாகுமோ, அந்தத் திசைகளுக்கு மட்டும் ஒளியைப் பங்கிடும்படி அந்தக் கோலம் அமைக்கப்படுகிறது. இது ஒருவகை ஹோலோகிராம். படலத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அங்கே இதயம் எதுவும் இருக்காது என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். படலத்தைக் கடந்து சென்ற ஒளியின் திசைகளில்தான் வடிவம் இருக்கிறது. அதன் கோண அளவு மாறாததால், அருகிலுள்ள விளக்குக்கும் தூரத்து விளக்குக்கும் இதயம் ஒரே அளவில் தெரியும். அலைநீளம் கூடக் கூட விலகலும் கூடும் என்ற விதி இங்கும் பொருந்துவதால், வெள்ளை விளக்கில் இதயத்தின் வெளிக்கரை சிவந்தும் உட்கரை நீலமாகவும் இருக்கும்.

முதலில் இதைக் கவனித்தவர்கள் யார்?

விளிம்பு விளைவை முதலில் விரிவாக விவரித்தவர் இத்தாலியரான கிரிமால்டி. அவருடைய நூல் 1665-இல் வெளிவந்தது. ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் ஜேம்ஸ் கிரிகரி 1673-இல் எழுதிய கடிதமொன்றில், பறவை இறகு ஒன்றின் வழியே சூரிய ஒளியைச் செலுத்தி, நிறத்திட்டுகளைக் கண்டதைக் குறிப்பிடுகிறார். இறகின் இழைகளே அங்கே கீற்றணி.

எனக்குப் பிடித்தது பிலடெல்பியாவில் நடந்த கதை. 1785-இல் பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர், பட்டுக் கைக்குட்டை ஒன்றின் வழியே தெருவிளக்கைப் பார்த்தபோது தெரிந்த கோடுகளின் காரணத்தை வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுசிடம் கேட்டார். ரிட்டன்ஹவுஸ் நுண்ணிய திருகுகளின் புரிகளுக்கு இடையே மயிரிழைகளை இணையாகக் கட்டி, அரை அங்குல அகலத்தில் ஒரு கீற்றணியையே செய்து பார்த்துவிட்டார். பின்னர் ஜெர்மனியில் பிரான்ஹோஃபர் 1821 வாக்கில் மெல்லிய கம்பிகளைக் கொண்டு கீற்றணி அமைத்து அலைநீளங்களை அளந்தார். 1880-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோலண்ட், வைர முனையால் கோடிடும் இயந்திரத்தை உருவாக்கி, அங்குலத்துக்குப் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளை இழுத்தார். ஹாப்கின்சன் கண்டதை நாமும் காணலாம்: நெருக்கமாக நெய்த குடைத்துணி வழியே இரவில் தூரத்து விளக்கைப் பாருங்கள், விளக்கு ஒரு சிறு சிலுவையாகப் பல புள்ளிகளாய்ப் பெருகும்.

வைரத்தால் இழுக்க வேண்டிய கோடுகள் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது எப்படி?

இப்போது ஒவ்வொரு படலத்துக்கும் தனியாகக் கோடு இழுப்பதில்லை. ஒளியுணர் பூச்சுள்ள தட்டின் மேல் இரண்டு லேசர் கற்றைகளைக் குறுக்கிடச் செய்தால், இருளும் ஒளியும் மாறிமாறி வரும் வரிகள் அதில் பதிந்துவிடும். அதைக் கழுவியெடுத்தால் பள்ளங்கள் கிடைக்கும். அதன்மேல் மின்முறையில் நிக்கலைப் படியவைத்து உரித்தெடுத்தால் ஓர் அச்சு தயார். அந்த அச்சை உருளையில் சுற்றி, பிளாஸ்டிக் படலத்தை அழுத்தி ஓட்டினால், சுருள் சுருளாகக் கீற்றணி வெளிவரும். விலை முழுவதும் முதல் அச்சில்தான்.

படலத்தில் விரல்பட்டால் என்ன ஆகும்?

விரலின் எண்ணெய்ப்பசை பள்ளங்களை நிரப்பிவிடும். பிளாஸ்டிக்குக்கும் காற்றுக்கும் உள்ள ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) வேறுபாட்டை நம்பித்தான் பள்ளங்கள் வேலை செய்கின்றன. எண்ணெயின் ஒளிவிலகல் எண் பிளாஸ்டிக்கின் எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், பள்ளம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. தொட்ட இடத்தில் வானவில் மங்கிக் காட்சி கலங்கும். தேய்த்துத் துடைத்தால் பள்ளங்களே சிதையக்கூடும் என்பதால், தொடாமல் காப்பதே நல்லது. தூசு படிந்தால் ஊதிவிட்டால் போதும்.

இதை அணிந்துகொண்டு சூரியனையோ கிரகணத்தையோ பார்க்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் படலம் ஒளியைத் திசை திருப்புகிறதே தவிர, தடுப்பதில்லை. நடுப்படத்தின் வழியே விழித்திரையைச் சுடுமளவுக்குச் சூரிய ஒளி உள்ளே வந்துவிடும். கிரகணம் பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரவிதிக்கு உட்பட்ட, கிட்டத்தட்ட எல்லா ஒளியையும் தடுக்கும் கறுப்பு வடிப்பான்கள் உள்ளன. இரண்டுமே அட்டைச் சட்டத்தில் வருவதால் ஒன்றை மற்றொன்றாகக் குழப்பிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. அறையில் அணிந்து பாருங்கள்: அறை தெளிவாகத் தெரிந்தால் அது கிரகணக் கண்ணாடி அன்று.

லேசருக்கும் இதே தடை பொருந்தும். லேசர் கற்றையை நேராகப் பார்ப்பது இந்தக் கண்ணாடியோடும் ஆபத்தானதே. படலத்தைக் கற்றையின் குறுக்கே பிடித்தால் கற்றை பல திசைகளில் பிரிந்து செல்லும் என்பதால், எதிரே ஆள் இல்லாதபோது மட்டும், சுவரில் விழும் புள்ளிகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே அலைநீளம் என்பதால் அங்கே வானவில் இராது. ஒரே நிறப் புள்ளிகளே விழும்.

கண்ணுக்குக் கெடுதல் உண்டா? யார் தவிர்க்க வேண்டும்?

சாதாரண விளக்குகளைப் பார்ப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் இல்லாத இடத்தில் விளக்குகள் தெரிவதால் தூரக்கணிப்பு தடுமாறும். ஆகவே வாகனம் ஓட்டும்போதும், படியிறங்கும்போதும், கூட்டத்தில் நடக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். விட்டுவிட்டு மின்னும் ஒளியால் வலிப்பு வரும் இயல்புடையவர்கள் மேடை விளக்குகளின் முன் இதை அணியாதிருப்பது நல்லது. ஒரு மின்னல் விளக்கு பார்வைப்புலம் முழுவதும் ஒன்பதாகப் பரவி மின்னும். பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றாமல், அதன் மேலேயே இதை வைத்துக்கொண்டால் நிறமாலை கூர்மையாகத் தெரியும்.

கேளிக்கையைத் தவிர வேறு பயன் உண்டா?

வகுப்பறைதான் முதல் பயன். அதற்கு ஒரு திசையில் மட்டும் கோடிட்ட படலமே உகந்தது. இரு திசைக் கண்ணாடி அழகாக இருந்தாலும் படங்கள் நெருங்கி அளவீட்டைக் குழப்பும். கேமரா வில்லையின் முன்னோ கைப்பேசிக் கேமராவின் முன்னோ படலத்தைப் பிடித்து, இரவுக் காட்சிகளை வானவில் கதிர்களோடு படமெடுக்கிறார்கள். வானியல் ஆர்வலர்கள், மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் மட்டுமே உள்ள கீற்றணியைத் தொலைநோக்கிக் கேமராவின் முன் பொருத்தி, விண்மீன்களின் நிறமாலையில் ஹைட்ரஜனின் இருண்ட கோடுகளைப் பதிவு செய்கிறார்கள். விண்மீன் தானே ஒரு புள்ளி என்பதால் அங்கே பிளவு தேவைப்படுவதில்லை. வெறும் கண்ணில் அணியும் கண்ணாடியால் அந்த மங்கிய ஒளியை இப்படி விரித்துப் பார்ப்பது கடினம்.

பட்டை தீட்டிய தடித்த வில்லை கொண்டு, ஒரே காட்சியைப் பலவாகக் காட்டும் கண்ணாடியும் இதுவும் ஒன்றா?

அன்று. அதன் ஒவ்வொரு பட்டையும் ஒரு முப்பட்டகம். அது முகத்தையும் மரத்தையும்கூடப் பலவாக்கும். அதற்கு இருட்டோ ஒளிப்புள்ளியோ தேவையில்லை.

கண்ணாடி கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

பழைய குறுந்தகடு ஒன்று இருந்தால் போதும். அதன் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில், அதாவது மில்லிமீட்டருக்கு 625 கோடுகளாகச் சுழன்று செல்கின்றன. டிவிடியில் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர்தான். தகட்டைக் கண்ணுக்கு அருகில் சாய்த்துப் பிடித்து, அதில் எதிரொளிக்கும் விளக்கைப் பாருங்கள். ஒரே விளக்கைக் குறுந்தகட்டிலும் டிவிடியிலும் மாற்றி மாற்றிப் பார்த்தால், தடங்கள் நெருங்க நெருங்க வானவில் விரிவதைக் கையிலேயே சோதித்துவிடலாம்.